பள்ளத்தில் கேன் டோட் கிடையாது

எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளத்தில் கேன் டோட் என்கிற விஷத்தேரை கிடையாது. ஒருநாளும் இருந்ததும் கிடையாது. இதை வாட்ஸ்அப்பில் சொல்லியாச்சு, நேரில் சொல்லியாச்சு, தெருவில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக்கூடச் சொல்லியாச்சு. கேட்டால்தானே! கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் நாள் பூரா உட்கார்ந்து தேடுகிற ஜனங்கள், கண்ணெதிரே குந்தியிருக்கிற ஒரு தேரையின் முதுகைப் பார்க்க மாட்டேன் என்றால் என்ன கண்றாவி அது?

நான் ஒன்றும் விலங்கியல் படித்தவள் இல்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் செய்த வேலையில் தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். தப்பைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. என் கணவர் இதை வியாதி என்பார். நாங்கள் டெக்ஸஸில் கேட்டி என்கிற ஊரில் வீடு வாங்கியபோது எங்கள் தெருதான் கடைசித் தெரு. அதற்கு அப்பால் பிரெய்ரி. பிரெய்ரி என்றால் பெரிதாக எதையாவது கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். மரமே இல்லாத தட்டை நிலம், இடுப்பளவு புல், மழை பெய்தால் அங்கங்கே தண்ணீர் தேங்கும் குழிகள், அவ்வளவுதான். அதில் முக்கால்வாசி இப்போது வீடாகிவிட்டது. எங்கள் வேலியை ஒட்டிய ஒரு துண்டு மட்டும், பில்டருக்கு என்ன காரணத்தாலோ வேண்டாமல் போய், ஒரு பள்ளமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்லுமாக மிஞ்சியிருந்தது.

அந்தப் பள்ளம் எனக்கு அறிமுகமானது ஒரு மீட்டிங்கில். வீட்டிலிருந்தே வேலை. காலையெல்லாம் மழை கொட்டித் தீர்த்துவிட்டு அப்போதுதான் விட்டிருந்தது, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பேசிக்கொண்டே இருக்கும்போது கலிஃபோர்னியா டீமில் ஒருவர் இடைமறித்து, "உங்க வீட்ல ஆடு வளர்க்கறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆடாவது மாடாவது என்று மைக்கை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தால், நிஜமாகவே ஆடு! மூக்கால் இழுத்து இழுத்து, தாயைத் தேடுகிற குட்டி மாதிரி, ஒன்று இரண்டு இல்லை, ஒரு மந்தையே கத்துகிறது.

மீட்டிங் முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்து போனேன். பள்ளம் நிரம்பியிருந்தது. கத்துவது கேட்கிறதே தவிர ஆளைக் காணோம். குனிந்து, உட்கார்ந்து, கடைசியில் புல்லடியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கட்டைவிரல் நுனி அளவு. கூர்மூக்கு, தலைக்குப் பின்னால் தோலில் ஒரு மடிப்பு. பெரிய புளியங்கொட்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டா இந்தக் கத்துக் கத்துகிறாய் என்று வாய்விட்டே கேட்டேன். அதன் பெயர் நேரோ மௌத் டோட் என்று ஃபோனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். எறும்பு தின்னும். யாரையும் ஒன்றும் செய்யாது.

அதற்கப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. தவளைக் குரல்களைப் போட்டுக் காட்டுகிற ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டேன். மழை பெய்தால் மற்றவர்கள் பஜ்ஜி போடுவார்கள், நான் ஜன்னலைத் திறப்பேன். ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கூழாங்கல் இரண்டைத் தட்டுகிற மாதிரி டிக் டிக் என்பது கிரிக்கெட் ஃப்ராக். சீப்பின் பல்லை நகத்தால் வருடுகிற மாதிரி ஒன்று, அது கோரஸ் ஃப்ராக். அடுப்படி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு என் சமையலையே பார்த்துக்கொண்டிருக்கிற பச்சைப்பயல், பக்கவாட்டில் வெள்ளைக்கோடு போட்டவன், மரத்தவளை. குரலைக் கேட்டால் வாத்துக்கு ஜலதோஷம் பிடித்ததோ என்று தோன்றும்.

இதில் என்னைவிட வேகம் என் பெண். தமிழ் எல்லாம் புரியும், ஆனால் பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். அமெரிக்காவில் பிறந்த நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தானே. "அது கிரிக்கெட் ஃப்ராக்டி" என்பேன். "நோ அம்மா, லிசன்," என்று உதட்டில் விரலை வைப்பாள். கேட்டால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். டெஸ்டிங்கில் ஊறின என்னையே திருத்துகிறாளே என்று கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

எல்லாவற்றிலும் அவளுக்குச் செல்லம் ஒரு தேரை. கல்ஃப் கோஸ்ட் டோட். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது அது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு கராஜ் வாசலில் வந்து உட்காரும், விளக்குக்கு வருகிற பூச்சிகளைத் தின்னும். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. நடுமுதுகில் வெளிறிய ஒரு கோடு, இரண்டு விலாவிலும் கரும்பட்டை, தலையில் வரப்பு மாதிரி எலும்பு மேடு, நடுவில் பள்ளம். ஒருதரம் பார்த்தால் மறக்காது. என் பெண் அதைக் கையில் எடுத்தால் முதல் வேலையாக மூத்திரம் பெய்யும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து இரண்டு தோசை சாப்பிடுவாள். சாப்பாட்டில் ஒரு குறையும் கிடையாது. உடம்பில்தான் ஒட்டாது, அப்பா வாகு. டாக்டர் ஒவ்வொரு வருஷமும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொல்லி அனுப்புவார்.

இரண்டு வீடு தள்ளி ஒரு ஆன்ட்டி இருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். என் பெண் பிறந்தபோது ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை. பூண்டுக் குழம்பும் பத்திய ரசமும் டிஃபன் கேரியரில் கட்டிக்கொண்டு தினமும் வந்தவர் அவர்தான். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டதும் அவர்தான். அந்த உரிமையில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்வார். நானும் கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவில் பாட்லக். ஆளுக்கொரு டிரேயாகக் கொண்டு வந்து டிரைவ்வேயில் மேஜை போட்டிருந்தோம். என் பெண் தேரையைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லோருக்கும் காட்ட வந்தாள். ஆன்ட்டி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டார்.

"அடிப்பாவி! தேரையைத் தொடவிட்டுட்டு நிக்கறியே! இவ கழுத்தெலும்பைப் பாரு. கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கு. நான் அப்பவே நெனச்சேன், இது தேரை பாஞ்ச ஒடம்பு."

ஊரில் சொல்வார்கள். தேரை மோந்தால் தேங்காய் உள்ளே பருப்பில்லாமல் போய்விடும், தேரை பாய்ந்தால் குழந்தை தேறாது, எலும்பும் தோலுமாகப் போய்விடும் என்று. அதை விமானம் ஏற்றி டெக்ஸஸுக்குக் கொண்டு வந்து, என் பெண் தலையில் இறக்கிவைத்தார் ஆன்ட்டி. சுற்றி நின்றவர்கள் எல்லாம் எம்.எஸ். படித்தவர்கள். ஒருத்தராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஆளாளுக்கு என் பெண்ணின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள். "சாப்பாடு போடறீங்களா இல்லையா?" என்று ஒரு அம்மா கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்கப்பாவைப் பாருங்க," என்றேன். "அவர் மேலயும் தேரை பாஞ்சிருக்கா?"

என் கணவர் அந்தப் பக்கம் நின்று தட்டில் வடைக்கு மேல் வடையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஆள் குச்சி. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் வாயில் இருந்ததை முழுங்க முடியாமல் தவித்தார். கொஞ்சம் சிரிப்பு வந்தது, பேச்சு மாறியது. என் பெண் தேரையைச் செடிக்குள் விட்டுவிட்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அதோடு போயிருந்தால் சரி. அடுத்த வாரம் ஆன்ட்டியின் வீட்டுக்காரர், தெருவுக்கே அங்கிள், கெமிக்கல் பிளான்ட்டில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர், தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபோட்டோ போட்டார். எங்கள் கராஜ் வாசல், எங்கள் தேரை. கீழே, இது கேன் டோட், கடும் விஷம், குழந்தைகள் ஜாக்கிரதை என்று எழுதியிருந்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். உட்கார்ந்து பொறுமையாகப் பதில் போட்டேன். நடுமுதுகுக் கோட்டைப் பாருங்கள், விலாவில் கரும்பட்டையைப் பாருங்கள். கேன் டோடுக்கு இரண்டும் கிடையாது. அதற்குக் கண்ணுக்குப் பின்னால் தோள்வரைக்கும் வீங்கித் தொங்குகிற விஷப்பை இருக்கும், இதற்குச் சின்னதாகத்தான். டெக்ஸஸில் அது தெற்கே மெக்ஸிகோ எல்லைப் பக்கம்தான், இங்கிருந்து அரை நாள் டிரைவ் பண்ணினால்தான் பார்க்க முடியும். எல்லாத் தேரைக்கும் தோலில் கொஞ்சம் கசப்பு உண்டு, கையைக் கழுவினால் போதும். எல்லாம் எழுதினேன், படம் போட்டு வட்டம்கூடப் போட்டுக் காட்டினேன்.

ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் ஆஸ்திரேலியாவில் கேன் டோட் நாயைக் கொன்ற வீடியோவை ஃபார்வர்ட் பண்ணினார். மூன்றாமவர், "மேடம் நீங்க ஜூவாலஜியா?" என்று கேட்டார். அப்புறம் யாரோ சமோசா ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் வட்டத்தை யார் பார்த்தது!

விடுவேனா? சாயங்காலம் தேரையை ஒரு காலி தயிர் டப்பாவில் எடுத்துக்கொண்டு, மூடியில் ஓட்டை போட்டு, நேரே அவர்கள் வீட்டுக்கே போனேன். ஆன்ட்டி டப்பாவை வாசல்படி தாண்டவிடவில்லை. அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து குனிந்து பார்த்தார். கோட்டைக் காட்டினேன், பட்டையைக் காட்டினேன். ஃபோனில் கேன் டோட் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "நல்லா ஸ்டடி பண்ணியிருக்கம்மா," என்றார். இன்ஜினியர் ஆச்சே, ஆதாரத்தைக் காட்டினால் புரிந்துகொள்வார் என்று நம்பி, ஜெயித்த களிப்பில் வீட்டுக்கு வந்தேன்.

மே மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு டல்லாஸ் போயிருந்தோம். கிளம்புகிற அன்று பள்ளத்தில் தலைப்பிரட்டைகள் கறுகறுவென்று மொய்த்துக்கொண்டிருந்தன. சிலதற்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. நாங்கள் வருவதற்குள் முன்னங்காலும் வந்துவிடும் என்று என் பெண் கார் முழுக்க அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பி வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடினாள். நான் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். காற்றில் ஒரு வாசனை வந்தது. நீச்சல் குளத்து வாசனை. எங்கள் வீட்டில் நீச்சல் குளம் கிடையாது.

போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் தண்ணீர் அடி தெரிகிற மாதிரி தெளிந்திருந்தது. அந்தத் தண்ணீர் ஒருநாளும் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. தலைப்பிரட்டைகள் வெளுத்துப்போய் அடியில் படிந்திருந்தன. பெரியவை வயிறு மேலே தெரிய ஒதுங்கிக் கிடந்தன. கரையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழ மூடிகள், உடைத்த பூசணிக்காய். குளோரினும் போட்டு, திருஷ்டியும் கழித்திருக்கிறார்கள். அறிவியல் ஒரு கையில், தேரை தோஷம் இன்னொரு கையில். இரண்டையும் சேர்த்து அந்தப் பள்ளத்தைக் கொன்றிருந்தார்கள்.

என் பெண் அழவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து, செத்துக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "கல்ஃப் கோஸ்ட்." அடுத்தது. "நேரோ மௌத்." அடுத்தது. "கல்ஃப் கோஸ்ட்." எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நோ கேன் டோட், அம்மா."

அதற்குள் எங்கள் கார் வந்ததைப் பார்த்துவிட்டு ஆன்ட்டியும் அங்கிளும் வேலியோரமாகவே வந்துவிட்டார்கள். ஆன்ட்டி கையில் எலுமிச்சம்பழ சாதம். ஊர்ப்பயணம் போய் வந்திருக்கிறேனாம், எதற்குச் சமைக்க வேண்டும் என்று.

"இனிமே நீ பயப்படாதே," என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "உம்பொண்ணுக்காகத்தான். அங்கிள் ரெண்டு நாளா வெயில்ல நின்னு பண்ணினார்."

"என்ன போட்டீங்க?"

"கொஞ்சம் குளோரின்தாம்மா," என்றார் அங்கிள். "பூல்ல போடறதுதான். நாமளே அதுலதானே குளிக்கிறோம்?"

"அங்கிள், அன்னிக்கு டப்பாவுல கொண்டாந்து காட்டினேனே! கோடு காட்டினேன், பட்டை காட்டினேன், தலையாட்டினீங்களே!"

"காட்டினம்மா, இல்லேன்னு சொல்லலையே. ஆனா எதுக்கு ரிஸ்க்?"

எதுக்கு ரிஸ்க்! அந்த மனுஷர் நான் சொன்னதை நம்பாமல் செய்யவில்லை. நம்பினாலும் நம்பாவிட்டாலும் செய்திருப்பார். அது எந்தத் தேரை என்பது அவருக்கு ஒரு கேள்வியே இல்லை. நான் கத்தினேன். நீங்க கொன்னது ஒண்ணுகூடக் கேன் டோட் இல்லை என்று கத்தினேன். எதிர்வீட்டு அமெரிக்கர் நாயோடு நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஆன்ட்டியின் முகம் சுருங்கிப்போயிற்று. "நல்லது பண்ணினா இப்படியா பேசுவ? இந்தக் கையால குளிப்பாட்டின குழந்தை அது," என்றார். பாழாய்ப்போன நன்றியுணர்ச்சி! கோபப்படுகிற உரிமையைக்கூட அது பிடுங்கிக்கொண்டது. என் கணவர் வந்து எலுமிச்சம்பழ சாதத்தை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றார். அவரை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

குரூப்பில் அங்கிளுக்குக் கும்பிடு மேல் கும்பிடு. நான் குரூப்பை விட்டு வெளியேறினேன். யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. காலனி அசோசியேஷனுக்குப் புகார் பண்ணினேன். கொசுத் தொல்லை குறையும்தானே என்று பதில் வந்தது. கொசுவைத் தின்பதற்குத்தானடா அங்கே ஆள் இருந்தது!

என் பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பாதித் தோசை. பள்ளிக்கூடத்து டப்பா திறக்காமலே திரும்பி வரும். சாயங்காலம் கராஜ் விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்பாள். பூச்சிகள் மட்டும் சுற்றும். அப்புறம் அவளே விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். பள்ளிக்கூடம் மூடுவதற்குள் நிஜமாகவே இளைத்துவிட்டாள். இந்தத் தடவை டாக்டரே எடை மிஷினைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். தேரை பாய்ந்தால் குழந்தை இளைக்கும் என்றார்களே, இளைத்தாள். தேரை இல்லாமல் போனதால் இளைத்தாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூனில் ஒருநாள் பகலில் நல்ல மழை. மீட்டிங்கில் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது, பள்ளம் நிரம்பியிருந்தது. கலிஃபோர்னியாக்காரர் பேச்சுவாக்கில், "உங்க ஆடெல்லாம் எங்கே?" என்று கேட்டார். கேமராவை அணைத்துவிட்டேன். அடுத்து யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ஆன்ட்டியும் அங்கிளும் வந்தார்கள், சண்டைக்குப் பிறகு முதல்தடவையாக. ஆன்ட்டி உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்திருந்தார், நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. பகையை மறக்க வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் கணவர் நாற்காலி எடுத்துப் போட்டார். நானும் காபி போட எழுந்தேன். அப்போது ஆன்ட்டி என் பெண்ணைக் கிட்டே இழுத்துத் தோளைத் தடவிப் பார்த்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியது.

"பாத்தியா," என்றார் என்னிடம். "நான் சொன்னப்போ நீ நம்பலை. பாய்ஞ்சது இன்னும் எறங்கலை. அங்கிள்கிட்ட சொல்லி அந்தப் பள்ளத்துல இன்னொரு தடவை போடச் சொல்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் பெண் பேசினாள். தமிழில் பேசினாள். ஆன்ட்டிக்கு ஒரு சொல்கூடத் தப்பிவிடக் கூடாது என்பதற்காகத் தேடித் தேடி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள்.

"தேரை என்னை ஒண்ணும் பண்ணலை ஆன்ட்டி. நீங்கதான் பண்ணீங்க."

ஆன்ட்டியின் கை அவள் தோளிலேயே இருந்தது. அப்புறம் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், ஆன்ட்டி, அங்கிள், என் கணவர். நம் வீடுகளில் அந்த இடத்தில் அம்மா சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரியவங்ககிட்ட அப்படியெல்லாம் பேசக் கூடாது, சாரி சொல்லு என்று. நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று பேரும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். என் பெண்ணும் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லவில்லை.